எல்லாம் ஒரே எடை

செவ்வாய்க்கிழமை ஒரு கல்யாணக் கார்டைத் திறக்கப் போனேன்.
ஃபோல்டரின் மூலையில் சின்னதாய் ஓர் அம்புக்குறி,
மூக்குத்தி மாதிரி.
நேற்று அது இருக்கவில்லை.

பிறகு பார்த்தால் எல்லாவற்றுக்கும் குத்தியிருந்தது:
மொறட்டுவைப் பொடியனின் ஆய்வுக்கட்டுரைக்கு,
யாரோ ஒருவரின் சிறுநீரக ஸ்கேனுக்கு,
கனடா போகிறவளின் பிறப்புச் சான்றிதழுக்கு.
ஒவ்வொன்றும் இரண்டு கிலோபைட்.
பழைய இரும்பு வாங்குகிறவன்கூட
இப்படி எல்லாவற்றையும் ஒரே எடையாய் நிறுக்க மாட்டான்.

வெள்ளவத்தையில்,
காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் எங்கள் கடை.
ஐந்து மெஷின், இரண்டு பிரிண்டர்,
ரயில் போகும்போதெல்லாம் நடுங்கும் கண்ணாடிக் கதவு.
ஐந்தையும் ஒரே வயரில் கோர்த்தவன் நான்தான்.
கடவுச்சொல் வைக்கவில்லை.
"எங்கட கடைக்குள்ள ஆருக்கடா பூட்டு" என்று
முதலாளி இல்ஹாம் சிரித்தார்.
மூன்றாவது மெஷினிலிருந்து நாலாவதைத் தட்டியபோது
புழுவும் அப்படித்தான் சிரித்திருக்கும்.

இல்லை, அது சிரிக்காது.
அதற்குக் கோபமும் இல்லை, பசியும் இல்லை.
தன்னைப் படிக்கும், தன்னை எழுதும், அடுத்த வாசலைத் தேடும்.
பென்டிரைவ் செருகினால் வரும் டிங் சத்தத்துக்கும்
"எந்த ஃபைல் அக்கா?" என்று நான் கேட்பதற்கும் இடையில்
ஏறி உட்கார்ந்துவிடும்.
பக்கத்துக்கு இருபது ரூபா நான் வாங்கிக்கொண்டிருக்க
எங்கள் நகல் கடைக்குள்ளேயே
இன்னொரு நகல் கடை நடந்திருக்கிறது,
டோனர் இல்லாமல், மிச்சக் காசு கேட்காமல்.

இரவு ஷட்டரை இழுக்கும்போது
ரவுட்டரின் பச்சை விளக்கு துடிப்பதைப் பல நாள் கண்டிருக்கிறேன்.
அப்டேட் என்று நினைத்தேன்.
மெஷின்கள் ஆஸ்துமாக்காரரைப் போல இழுத்தபோது
வெயில் என்று நினைத்தேன்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஜெரோமி வந்தாள்.
எல்லாவற்றுக்கும் முதல் வயரைப் பிடுங்கினாள்.
கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி அடித்தாள்,
காணாமல் போன ஃபோல்டர்கள்
காய்ச்சலில் எழும்பியவர்களைப் போல வெளிறி வந்து நின்றன.
"ஒண்டும் அழியேல்ல," என்றாள்,
"ஒளிச்சு வச்சிட்டு, அதின்ர இடத்தில தான் நிண்டிருக்கு.
நீங்க தொட்டது அதை."
பிறகு கேட்டாள்:
"இந்த மாதம் ஆர் ஆர் செருகினது?"

என்னிடம் பெயர்கள் இல்லை.
ஆட்களை அவர்களின் தாள்களால்தான் எனக்குத் தெரியும்.
வாடகை ஒப்பந்தம். நோன்புக் கஞ்சி நோட்டீஸ்.
தெஹிவளைச் சிங்கள டீச்சரின் ஏழாம் தரக் கேள்வித்தாள்
(அது இந்நேரம் ஸ்டாஃப் ரூம் முழுக்கப் போயிருக்கும்).
கேஸ் ஃபைலை அரை மணித்தியாலம் ஸ்கேன் பண்ணிய லோயர்.
நன்றி சொல்லிவிட்டுத்தான் எல்லோரும் போனார்கள்,
சட்டைப் பையில் அதையும் கொண்டு.

பிறகு, அந்த அம்மா.
வருசத்துக்கு ஒருமுறை வவுனியா பஸ்ஸில் வந்து இறங்குவா.
ஒரே படம், அரும்பு மீசைப் பொடியன்,
பிடித்துக்கொண்டு நிற்கிற அளவுக்குப் பெருப்பிக்க வேண்டும்.
"பேரை மட்டும் போடு தம்பி. திகதி ஒண்டும் வேண்டாம்."
போன வியாழக்கிழமைதான் வந்தா.
சிவப்பு பென்டிரைவ், சேலை முந்தானையில் முடிந்திருந்தது.

எந்த மெஷினையும் நம்பாமல்
மூன்று மொழியிலும் கையால் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன்.
போன் வந்தபடி இருக்கிறது.
பதினொரு பேருக்கு ஒரே வசனத்தைச் சொல்லிவிட்டேன்:
"போகேல்ல. ஒளிச்சு வச்சிருக்கு. எடுத்துத் தரலாம்.
அதுவரைக்கும் வேற எங்கயும் செருகாதீங்க."
சொல்லச் சொல்ல வாய்க்குப் பழகிவிட்டது.

அவ கேட்டால்
இதே வசனத்தைச் சொல்ல முடியாது.
வேறொன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

கதவு நடுங்குகிறது.
ரயில்தான்.